உள்சுற்றில் வெட்டிய கவுன்

மகளின் ஞானஸ்நானத்துக்கு என் கல்யாணப் புடவையில்தான் கவுன் தைப்பேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சந்தன நிறப் பட்டு. முகப்பேர் வீட்டு ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டு அதை விரித்தேன். செய்தித்தாளில் வெட்டியிருந்த கவுன் அளவுகளை முந்தானை மேல் வைத்தேன். ஜரிகை அங்கேதான் அழகு.

"இன்னா அண்ணி, ஜரிகை புள்ளைய குத்தாதா?" என்றாள் நாத்தனார்.

எரிச்சல் வந்தது. ஆனால் அவள் சொன்னது சரி. காகிதங்களைக் கீழே நகர்த்தினேன். வெளிச்சுற்று நிறம் மங்கிக் கிடந்தது. அதற்கும் அப்பால் கொசுவத்தில் சாம்பார்க் கறை. நகர்த்தி நகர்த்திப் புடவையின் மறுகோடிக்கே வந்துவிட்டேன்.

இடுப்பில் செருகி வயிற்றைச் சுற்றும் முதல் சுற்று அது. எப்போது கட்டினாலும் வெளியே தெரியாது. கடையில் எடுத்த அன்றைய நிறம் அப்படியே இருந்தது. கை, கழுத்து, பாவாடை என்று எல்லாக் காகிதமும், அளந்து நெய்ததுபோல, அதிலேயே அடங்கிவிட்டது.

"வளைகாப்புக்கும் இத்ததானே கட்டிகினு இருந்தீங்க," என்றாள் அவள்.

எடுத்த கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். இந்தத் துணிக்கு அந்தப் பக்கம் என் மகள் ஏற்கெனவே இருந்திருக்கிறாள்.