கல்யாணத்துக்கு மஞ்சள் வயர்

டீ.வி.யும் வீடியோ டெக்கும் வாடகைக்கு விடும் கடையில் நின்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: படம் ஓடினால் புகழ் நடிகருக்கு, ஓடாவிட்டால் திட்டு வயர் கொண்டுபோனவனுக்கு. எண்பதுகளின் தொடக்கத்தில், பதுளையில், வயர் கொண்டுபோனவன் நான்.

கறுப்பு ஆகாது

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் மருதமுத்து, மகள் கல்யாணத்துக்குப் படம் போட வேண்டும் என்று வந்தார். டெக்கை டீ.வி.யோடு இணைக்க எங்களிடம் இரண்டு வகை வயர் இருந்தன. ஒன்று முழுக்கக் கறுப்பு. ஏரியல் துளையில் செருகுவது. மற்றது இரு முனையும் மஞ்சள். அதற்கேற்ற துளை புது டீ.வி.களில்தான் உண்டு. அவர் எடுத்ததோ பழைய டீ.வி. கறுப்பை நீட்டினேன். அவர் கையால் தொடவில்லை.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க தெமோதரையில இருந்து வாராங்க. பந்தல்ல கறுப்புக் கயிறு தொங்கினா என்ன நெனப்பாங்க? மஞ்சளக் குடுங்க தம்பி, மங்களமா இருக்கும்."

துளையைப் பற்றி விளக்கத் தொடங்கினேன். முதலாளி ஹாஜியார் தடுத்தார்.

"கல்யாண ஊட்டுக்காரரோட தர்க்கம் பண்ணாதீங்க மகன். கேட்டதக் குடுங்க."

பையில் இருந்தது

கறுப்பையும் பையில் ஒளித்துக்கொண்டுதான் போனேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் பந்தல். ஜெனரேட்டர் உறுமியது. மாப்பிள்ளையின் அப்பா முன்வரிசையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். மஞ்சள் முனை எந்தத் துளையிலும் இறங்கவில்லை.

தலைவர் குனிந்து என் காதில் சொன்னார்: "தம்பி, பொண்ணு நாளைக்குத்தான் அந்த வீட்டுக்குப் போவா. படம் ஓடலங்கிற பேச்சு இன்னைக்கே போயிரும்."

பையில் கறுப்பு இருப்பதைச் சொன்னேன். அவர் இரண்டடி பின்வாங்கினார்.

"அடப்பாவி, கல்யாண வீட்டுக்குள்ளயே கொண்டாந்துட்டியா!"

சம்பந்தி பார்த்தது

தலைவரின் மனைவி, "இப்பிடிக் குடுங்க" என்று கறுப்பு வயரை வாங்கினார். பழைய மஞ்சள் சேலையைக் கிழித்து நெடுக அதன்மேல் சுற்றினார். போதாதென்று நடுவில் ஒரு விரலி மஞ்சளையும் முடிந்தார். முனைகளையாவது விட்டாரே என்று செருகினேன். படம் வந்தது. பந்தல் முழுக்க விசில்.

தலைவர் படத்தைப் பார்க்கவில்லை, சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி எழுந்து வந்து வயரைத்தான் பார்த்தார். விரலி மஞ்சளைத் தொட்டார்.

"ஒங்க பக்கம் எல்லாம் முறையா செய்றீங்க சம்பந்தி. எங்க மூத்தவன் கல்யாணத்துல வயர சும்மா விட்டுட்டோம். பாதியில படம் நின்னுபோச்சு!"

டீ.வி.க்குப் பொருந்தும் வயரை எந்தக் கடையிலும் வாங்கிவிடலாம். சம்பந்திக்குப் பொருந்தும் வயரை வீட்டுக்கார அம்மாதான் செய்து தர வேண்டியிருக்கிறது.