தண்ணி வந்த வழி

கொழும்பில் சித்திரக்கதை ரசிகர்களின் கூடல். கதை நாயகர்களாய் வேடமிட்ட கூட்டத்துக்குள் நடந்து முழங்கால் சோர்ந்து, பழைய புத்தகம் விற்பவனிடம் நின்று ஓர் இதழைப் பிரித்தேன். மட்கிய தாளின் மணம் என்னைச் சிறுவயதுக் கல்முனைக்கு இழுத்துப் போயிற்று.

உருவப்படம் உள்ள வீட்டுக்கு வானத்து மலக்குகள் வரமாட்டார்கள் என்பார் வாப்பா. ஆனாலும் என் சித்திரக்கதைகளை அவர் எரிக்கவில்லை. அஸர் தொழுதுவிட்டு வந்து, பேனையால் ஒவ்வொரு கழுத்திலும் கோடு இழுப்பார். தலை வேறானால் உயிரில்லை, படமும் குற்றமில்லை. கோடிழுத்துக் கோடிழுத்தே கதைக்குள் விழுந்துவிட்டார்.

ஒருமுறை, வெள்ளம் ஏறும் நிலவறையில் நாயகனைப் பூட்டிவிட்டுத் 'தொடரும்' என்று போட்டிருந்தது. கலவரத்தில் பாதை மூடியதால் அடுத்த இதழ் ஊருக்கு வரவேயில்லை.

"செத்திருப்பான்," என்றார் உம்மா.

"விசர்க் கதை கதைக்காத புள்ள. தண்ணி வந்த வழியாலயே போயிருப்பான்." வயலில் மதகு திறந்து பழகிய வாப்பா, மவுத்தாகிக் கண்மூடும்வரை அதையே சொன்னார்.

இப்போது என் கையில் இருந்தது அந்த அடுத்த இதழ்தான். இத்தனை வருடம் தேடி அலைந்தது. அதில், யாரோ ஒரு காவலாளி வந்து நிலவறைக் கதவைத் திறந்துவிடுகிறான். அவ்வளவுதான்.

"எடுக்கிறீங்களா, நானா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் விற்பவன்.

"வேணாம் தம்பி. இதுல முடிவு பிழையா இருக்கு."