ஏழு மணி வாக்கியம்

அகரத்தில் எங்கள் எதிர்வீட்டுச் சண்முகவள்ளிக்கு நாற்பது வயது. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. பன்னிரண்டு வருடமாக நூற்று நாற்பது பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுகிறவளை ஊரே மரியாதையாகத்தான் அழைக்கும். அவள் கணவன் மாயாண்டியின் அண்ணன் சோலைமுத்து மட்டும், "எங்கேப்பா நம்ம பத்தாவது பெயிலு?" என்று கேட்டுக்கொண்டு வருவார். விருந்தாளி இருந்தால் குரல் இன்னும் ஏறும். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கத் தெரியாத மனிதருக்கு, அதைக் கழுவி வைக்கிறவளைப் பார்த்து என்ன கேலி வேண்டிக்கிடக்கிறது?

இரண்டாயிரத்து ஒன்றில் அவள் பத்தாவது எழுதினாள். மற்ற பாடங்களில் எல்லாம் தேறிவிட்டாள். ஆங்கிலத்தில் மட்டும் இருபத்தொன்பது. ஆறு மதிப்பெண்ணில் போயிற்று. அடுத்த தையில் கல்யாணம் முடித்து அனுப்பிவிட்டார்கள்.

பத்தாவது தேறியிருந்தால் சத்துணவு அமைப்பாளர் வேலைக்கு மனுப் போடலாம் என்று போன வருடம் யாரோ சொன்னார்கள். அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். "வேல கெடைச்சா கெடைக்குது, கெடைக்காட்டிப் போகுது. அந்தப் பேரு எம்மேல இருக்கக் கூடாது" என்று என்னிடம் சொன்னாள்.

சமையல்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் பத்தாம் வகுப்பு. இரண்டு ஆங்கில வாக்கியங்களைச் சொல்லி, நடுவில் பொருத்தமான சொல்லைப் போட்டு ஒன்றாக்கச் சொல்வார்கள். பிகாஸ், ஆல்தோ, அன்லெஸ் என்று பிள்ளைகள் கத்துவது சாம்பார் கொதிக்கும் சத்தத்தையும் மீறிக் கேட்கும். திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு பழைய கைடு வாங்கி வந்தாள். ஆனால் மனதில் ஒட்டவில்லை. "ராஜு குள்ளம், ராஜு நல்லா ஓடுவான்னு எழுதியிருக்கு. அந்த ராஜுவ எனக்குத் தெரியாதே! தெரியாத ஆளப் பத்தி எப்படி எழுதுறது?" என்றாள்.

பூக் கட்டுவது மாதிரி நினைத்துக்கொள் என்று நான் கொஞ்சம் அழகாகச் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க பூக் கட்டிருக்கீகளா?" என்று கேட்டாள்.

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஒரு நோட்டு வாங்கி, தன் வீட்டைப் பற்றியே தினமும் இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் எழுதி அவற்றை இணைக்க ஆரம்பித்தாள். நடந்ததை நடந்தபடி எழுதினாள். ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்தவர் அந்தக் குடும்பத்தில் சோலைமுத்துவின் மகன் முகேஷ்குமார் ஒருவன்தான். அவனும் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். அந்தத் தைரியத்தில் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டி எழுதினாள்.

சரஸ்வதி பூஜை வந்தது. அந்தக் குடும்பத்தில் பூஜை எப்போதும் பெரியவர் சோலைமுத்து வீட்டில்தான். எல்லார் வீட்டுப் புத்தகங்களையும் ஒரே அடுக்காக வைத்துச் சந்தனம் தொட்டு வைப்பார்கள். அன்று யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமிக் காலையில் மேலே இருக்கும் புத்தகத்தை எடுத்து நாலு வரி வாசித்தால்தான் பூஜை முடிந்ததாகக் கணக்கு. சண்முகவள்ளி கூச்சப்பட்டுக்கொண்டு எல்லாரும் வைத்த பிறகு தன் நோட்டைக் கொண்டுபோய் வைத்தாள். கடைசியில் வைத்தது மேலே இருக்கும் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலைப் பேருந்தில் முகேஷ்குமார் வந்து இறங்கினான். சோலைமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. திண்டுக்கல் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருப்பவர். சந்தை ஆட்கள், சொந்தக்காரர்கள் என்று வீடு நிறையக் கூட்டம். நானும் சுண்டலுக்காக உட்கார்ந்திருந்தேன்.

"ஏலே அப்பு, மேல இருக்கத எடுத்துச் சத்தமா வாசி. அர்த்தமும் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்" என்றார்.

அவன் எடுத்தான். முதல் வரியை ஆங்கிலத்தில் வாசித்து, "மழை பெஞ்சுச்சு, அதனால மல்லிகை மொட்டு வீணாப் போச்சு" என்றான். "காலேஜு படிப்புன்னா சும்மாவா!" என்று சோலைமுத்து மீசையைத் தடவினார். அடுத்த வரி: "நான் நூத்தி நாப்பது பேருக்குச் சமைக்கிறேன், ஆனா எங்க வீட்ல கடைசியாத்தான் சாப்பிடுறேன்." பையனின் குரல் இறங்கியது. மூன்றாவது வரியை ஆங்கிலத்தில் பாதி வாசித்துவிட்டு நிறுத்திவிட்டான்.

"ஏன்டா முழிக்கிற? அர்த்தத்தச் சொல்லு."

"அப்பா, இது... வேற ஒண்ண எடுக்கட்டா?"

"எடுத்தத மாத்தக் கூடாதுடா. சொல்லு!"

சுண்டல் சட்டியோடு சமையலறை வாசலில் நின்றிருந்த சண்முகவள்ளி, சட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"தம்பிய ஏன் வதைக்கிறீக? அது என் நோட்டு, நானே சொல்றேன். எங்க மச்சான் எட்டாவதுல பெயிலு. அப்படியிருந்தும் என்னையப் பத்தாவது பெயிலுன்னு கூப்புடுறாரு. ஆல்தோ போட்டுச் சேத்துருக்கேன்."

குடும்பத்தைத் தூக்கி நிறுத்துவதற்காகப் படிப்பைத் தியாகம் செய்தவர் என்றுதான் சோலைமுத்து ஊருக்குள் சொல்லி வைத்திருந்தார். எட்டாவதில் இரண்டு முறை உட்கார்ந்த கதையை மாயாண்டி என்றோ ஒரு நாள் வாய் தவறி மனைவியிடம் சொல்லியிருக்கிறான். இப்போது அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சந்தைக்காரர் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

"அந்தப் பக்கத்தக் கிழி" என்றார் சோலைமுத்து.

"பொய் எழுதியிருந்தா கிழிக்கிறேன்."

"கிழிக்கலேன்னா பரீட்சையும் இல்ல. ஒன் மார்க் ஷீட்டு என் பீரோவுலதான இருக்கு? அங்கயே கெடக்கும்."

மாயாண்டி வீட்டை இடித்துக் கட்டியபோது பத்திரத்தோடு பத்திரமாக அந்தப் பழைய மதிப்பெண் பட்டியலையும் அண்ணன் பீரோவில் வைத்திருந்தார்கள். அது இல்லாமல் தனித்தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பத் தேதி அறிவித்ததும் சண்முகவள்ளி போய்க் கேட்டாள். தரவில்லை. மாயாண்டி போய்க் கேட்டுவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தான். தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்து நகல் வாங்கலாமே என்று நான் யோசனை சொன்னேன். "தொலையலியே! பீரோவுல இருக்கதத் தொலைஞ்சதுன்னு நான் எதுக்குப் பொய் சொல்லணும்?" என்றாள். கடைசித் தேதிக்கு ஆறு நாள் இருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சோலைமுத்துவின் வாசலில் நோட்டோடு போய் நின்றாள். பூ மூட்டையோடு ஆட்கள் அவரைப் பார்க்க வரும் நேரம் அது. தெருவே கேட்கும்படி முதலில் ஆங்கிலத்தில் வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள். "எனக்கு மார்க் ஷீட்டு வேணும், அதனால வந்திருக்கேன்." நோட்டை மூடிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இரண்டாம் நாள்: "நேத்து வந்தேன், ஆனா அவரு குடுக்கல." சோலைமுத்து செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். தாள் தலைகீழாக இருந்ததாகப் பூக்காரர்கள் சொன்னார்கள். அது கூட்டிச் சொன்னதாகவும் இருக்கலாம்.

மூன்றாம் நாள் அவள் தெருவில் இறங்கியபோது மாயாண்டியும் சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே நடந்தான். அண்ணன் பேச்சுக்கு ஒரு நாளும் எதிர்ப் பேச்சுப் பேசாதவன். அன்றும் பேசவில்லை. மனைவி பக்கத்தில் கைகட்டி நின்றான், அவ்வளவுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஏலே மாயாண்டி, நீயுமா?" என்றார் அண்ணன்.

"ஆமாண்ணே" என்றான்.

நான்காம் நாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். அவள் கையால் சாப்பிடுகிற பிள்ளைகள். "அவரு குடுக்காட்டி நாளைக்கும் வருவேன்" என்ற வாக்கியத்தை அவள் ஆங்கிலத்தில் வாசிக்க, அன்லெஸ் என்ற இடத்தில் அவர்களும் சேர்ந்து கத்தினார்கள்.

ஐந்தாம் நாள் அவள் நோட்டைத் திறப்பதற்குள் சோலைமுத்து வெளியே வந்தார். மடித்த தாளை அவள் நோட்டின் மேல் போட்டார். "கொண்டு போ. எங்கிட்டு எழுதித் தேறப் போற?" என்றார். அதற்கும் சண்முகவள்ளி பதில் வைத்திருப்பாள் என்று நினைத்தேன். தாளை விரித்து, இருபத்தொன்பது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நடந்துவிட்டாள்.

எழுதினாள். நாற்பத்தேழு வாங்கினாள். அமைப்பாளர் வேலைக்கு மனுவும் போட்டுவிட்டாள். அது எப்போது வருமோ, வரட்டும்.

பரீட்சை முடிவு வந்த மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் மறுபடியும் பெரியவர் வாசலுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டு நானும் ஓடினேன். வாசலில் அவளைப் பார்த்ததும் சோலைமுத்து எழுந்து நின்றுவிட்டார்.

"இன்னும் என்ன? அதான் தேறிட்டியே!"

அவள் ஒரு தாளை நீட்டினாள். "எட்டாவதும் தனியா எழுதலாமாம் மச்சான். வெவரமெல்லாம் கேட்டு வாங்கியாந்துட்டேன். ஒங்களையும் நாளைக்கு ஒருத்தரும் பெயிலுன்னு சொல்லிறக் கூடாதுல்ல?"

கேலியா என்று அவள் முகத்தில் தேடினேன். இல்லை. அவரும் தேடினார். கிழிப்பார் என்று நினைத்தேன். தாளை வாங்கி, வரி வரியாக விரல் வைத்துப் பார்த்தார்.

"இதுல இங்கிலீசு உண்டுமா?" என்றார், தெருவுக்குக் கேட்காத குரலில்.

"உண்டு மச்சான்" என்றாள் சண்முகவள்ளி, தெருவுக்கே கேட்கும்படி. "தெனமும் காலையில ஏழு மணிக்கு நோட்டோட வாரேன்."