மதியக் கொடையும் மகனின் கேசட்டும்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் நான். ஆனாலும் தொண்ணூறுகளில் பாளையங்கோட்டையைச் சுற்றி என் மைக் செட் இல்லாமல் ஒரு கோவில் கொடை விழா நடந்ததில்லை. வள்ளியூரில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டினால் அடுத்த ஊர்க்காரன் எழுந்து உட்காருவான். யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மகனும் அவன் கூட்டாளிகள் மூவரும் கேசட் போடப் போகிறோம் என்றதும், மாடி அறையை நானே ஸ்டூடியோ ஆக்கிக் கொடுத்தேன். சுவரெல்லாம் முட்டை அட்டை, அதன்மேல் பத்தமடைக் கோரைப்பாய். அவர்கள் வாசிப்பில் பாடுகிறவன் கிடையாது. இரண்டு கிடார், ஒரு பேஸ் கிடார், டிரம்ஸ். மூச்சுவிடுகிற சத்தத்தில் தொடங்கிக் கால் மணி நேரம் பைய ஏறும். நால்வரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசித்தால்தான் டேப்பில் பிடிக்கலாம்; எங்கள் மெஷின் அப்படி.

கடைசி உருப்படி மட்டும் பாக்கி. கிடார்ப் பையன் ஒருவனுக்குப் பம்பாயில் வேலை கிடைத்திருந்தது. அன்று சாயங்காலம் ரயில். அன்றைக்கே அடுத்த தெரு அம்மனுக்கு மதியக் கொடை. குழாய் என்னுடையது.

"அப்பா, ஒங்க குழாய் உள்ள கேக்கு" என்றான் மகன்.

கேட்காமல் இருக்குமா? என் குழாயை முட்டை அட்டையா தடுக்கும்?

ஓடினேன். கொஞ்ச நேரம் குழாயை அமர்த்தச் சொல்லிக் கொடைக்காரர்களில் மூத்தவரிடம் கெஞ்சினேன்.

"சாமி ஆடுதுவே. இப்ப அமத்துனா அம்மன் யார்கிட்ட கேப்பா? ஒம்மகிட்டயா, எங்கிட்டயா?" என்றார். "ஒம்ம மவன் பாட்டுல வார்த்தையே கெடையாதாமே. அதுக்கு என்னவே அம்புட்டு அவசரம்?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆம்ப்ளிபயர் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. தொடக் கை வரவில்லை.

சாமியாட்டம் முடிந்து மேளம் ஓய்ந்ததும் வீட்டுக்கு ஓடி வந்தேன்.

"வாசிங்கலே, இப்பமே!"

நன்றாகத்தான் ஏறியது. டிரம்ஸ் அடங்கி ஒற்றைக் கிடார் மட்டும் நின்ற இடத்தில், குழாய் தொண்டையைச் செருமியது. உபயதாரர்களுக்கெல்லாம் நன்றி சொல்லிவிட்டு, "ஒலி ஒளி அமைத்துத் தந்த அண்ணாச்சி அவர்களுக்கு" என்று என் பெயரை மூன்று தரம் சொன்னார்கள்.

நால்வரும் கையை எடுத்துவிட்டார்கள்.

"இன்னொரு தடவ வாசிங்கலே."

"ரயிலு போயிரும் மாமா" என்று கிடார்ப் பையன் ஒயரைச் சுருட்டினான்.

ஸ்டேஷன் மாஸ்டர் நமக்கு வேண்டியவர்தான், ரயிலை நிறுத்தி வைக்கிறேன் என்றேன். ஒருவனும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நானே அவனை வேனில் ஜங்ஷனுக்குக் கொண்டுபோய் ஏற்றிவிட்டேன்.

திரும்பி வந்தபோது மகன் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"இத என்ன செய்யணும்பா?"

ஊரில் எவன் எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவன் நான். மெஷினை அமர்த்தினேன். அந்தக் கடைசி உருப்படி இல்லாமல்தான் கேசட் வெளிவந்தது.