ரெண்டும் ஒண்ணுதான்

2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மேம்பாலத்துக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடையினர், பவர் சப்ளையை மட்டும் மாற்றித் தரும்படி ஒப்படைக்கப்பட்ட ஒரு கம்ப்யூட்டரிலிருந்து, உரியவரைக் கேட்காமல், ஜோடியாக இருந்த இரண்டு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்றைக் கழற்றினார்கள் என்பது முதல் குற்றச்சாட்டு. கழற்றியதை மறந்துவிட்டு, "வீட்டிலேயே செய்த ஏற்பாடு. டிஸ்க் பழுது. அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும்" என்று சீட்டில் எழுதினார்கள் என்பது இரண்டாவது. சீட்டில் எழுதியதை, உரியவர் காதில் போடுவதற்கு முன்பே அவருக்கு வேலை கொடுத்தவரின் காதில் போட்டார்கள் என்பது மூன்றாவது. மூன்றில் மூன்றாவதுதான் சுருக்கென்று தைத்தது.

ஏன் தைத்தது என்பது விளங்க வேண்டுமானால் உரியவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஃபிரேமின் அளவுக்கு லென்ஸின் ஓரத்தைத் தேய்த்துப் பொருத்துவது அவள் பொறுப்பு. ஆனால் சொந்தபந்தத்தில் யாரும் அவளைக் கண்ணாடிக்காரி என்று சொல்வதில்லை. 'கத்தரி' என்றுதான் சொல்வார்கள். மாமனார் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் ஒரு நீண்ட நன்றியுரை ஆற்றினார். ஒலிபெருக்கிக்காரரையும் விட்டுவைக்காமல் எல்லோருக்கும் நன்றி சொன்ன உரை அது. அந்த வீடியோவை அவள் தானாகவே உட்கார்ந்து வெட்டி ஒட்டிப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கிப் போட்டுக் காட்டினாள். பார்த்துவிட்டு மாமனார், "நான் இவ்வளவு நல்லாவா பேசினேன்?" என்று கேட்டார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர்.

வீடியோ வெட்டுவதை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கடையில் சாப்பாட்டு இடைவேளையில் செல்போனைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்து வைத்துப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. வாங்கிய பொருள் ஒவ்வொன்றின் ரசீதும், வாரன்டி அட்டையும், சில சமயம் அட்டைப்பெட்டியுங்கூட அவளுடைய அலமாரியில் தேதிவாரியாக இருக்கும். லிஃப்ட் மெக்கானிக்கான கணவர் இதைக் கிண்டல் செய்யாத நாள் கிடையாது.

"எனக்கும் ஒரு வாரன்டி அட்டை வச்சிருப்பியே?"

"வச்சிருந்தேன். எப்பவோ காலாவதி ஆயிடுச்சு."

அப்படிப்பட்டவளுக்கு வெளியிலிருந்து வந்த முதல் வேலை, ஒரு நாடகக் குழுவுடையது. அலுவலகம் முடிந்து வந்து ஒத்திகை பார்க்கும் குழு. அதை நடத்துபவரைத் தலைவர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். புது நாடகத்தை நான்கு கேமராக்களில் பிடித்திருந்தார்கள். அதை ஒரே படமாகத் தொகுத்துத் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அரங்கத்தின் பெரிய திரையில் அதைப் போடுவதாக ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. சரியாக வந்தால் குழுவின் எல்லா நாடகங்களும் இனி அவளிடம். இல்லையென்றால் பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் ஸ்டூடியோவிடம். தலைவர் இதை மூடி மறைக்கவில்லை. முகத்துக்கு நேரே சொன்னார்.

நான்கு கேமராப் படங்களையும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தால்தான் எங்கே வெட்டுவது என்று தெரியும். ஓடவிட்டாள். ஓடவில்லை, தத்தித் தத்தி நடந்தது. மேடையில் தலைவர் கையை ஓங்கி வசனம் பேசி முடித்து உட்கார்ந்த பிறகு கை மட்டும் மேலே போனது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அண்ணி, அதாவது கணவரின் அக்கா, சொன்னாள்: "நல்லாத்தானே இருக்கு. அந்தாளு நிஜத்துலயும் அப்படித்தான் நடிக்கிறாரு."

அவள் சிரித்தாள், ஆனால் விடவில்லை. ஒரு வாரம் அதையே துருவிக்கொண்டிருந்தாள். கம்ப்யூட்டரின் மூளையில் கோளாறில்லை, நினைவகம் போதுமான அளவு இருந்தது. கோளாறு ஹார்ட் டிஸ்க்கில். ஓட்டலில் ஒரே ஒரு சர்வர் நான்கு மேசைக்கும் ஓடி ஓடிப் பரிமாறுகிற கதை. ஒரு மேசைக்குத் தட்டு போய்ச் சேருவதற்குள் மற்ற மூன்றும் காத்துக்கிடக்கின்றன.

வழி இருந்தது. ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க்குகளை வாங்கி, இரண்டையும் சேர்த்து ஒரே டிஸ்க் என்று கம்ப்யூட்டரை நம்பவைப்பது. எழுத வேண்டியதை அது பட்டை பட்டையாக நறுக்கி, ஒரு பட்டையை இதிலும் அடுத்ததை அதிலும் மாற்றி மாற்றி வைக்கும். படிக்கும்போது இரண்டும் ஒரே நேரத்தில் கொடுக்கும். வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, பழைய துண்டு ஒன்றை விரித்து அதன்மேல் கம்ப்யூட்டர் பெட்டியைப் படுக்கவைத்தாள். பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினாள். கணவர் டார்ச் பிடித்தார். லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்க்கிறவர், ஆனாலும் அந்தப் பெட்டிக்குள் விரலை விடப் பயந்தார். கம்ப்யூட்டர் விழித்தெழுவதற்கான சின்ன டிஸ்க் மேலே தனியாக இருந்தது, அதை அவள் தொடவில்லை. கீழே இருந்த காலி அறைகளில் புது டிஸ்க்குகளை ஒன்றன்கீழ் ஒன்றாகத் தள்ளி, திருகாணிகளை முடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்கம்பியும் ஒரு தட்டைக் கம்பியும் செருகினாள்.

திரையில் ஒரு டிஸ்க்தான் தெரிந்தது.

"ஒண்ணு டம்மியா குடுத்துட்டானோ?" என்றார் கணவர்.

"டார்ச்சை நேராப் பிடிங்க."

தட்டைக் கம்பி ஒன்று முழுசாக உட்காரவில்லை. 'டிக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தினாள். இரண்டும் தெரிந்தன, கறுப்புப் பட்டை போட்ட இரண்டு வெற்றிடங்களாக. வலது பக்கம் கிளிக் செய்து, பட்டைகளாகப் பிரித்து எழுதும் முறையைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டாவது டிஸ்க்கையும் பட்டியலில் சேர்த்தாள். கம்ப்யூட்டர் ஓர் எச்சரிக்கை கொடுத்தது. வீட்டில் வேறு யாராக இருந்தாலும் சரி என்று தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவள் அதை இரண்டு முறை படித்தாள், படம் பிடித்து வைத்தாள், பிறகுதான் தட்டினாள். கறுப்புப் பட்டை இரண்டும் ஒரே நேரத்தில் நீலப்பச்சையாக மாறின. இரண்டுக்கும் சேர்த்து ஒரே டிரைவ் எழுத்து, ஒரே பெயர்.

"அப்ப இதுல ஒரு பக்கம் கெட்டுப்போச்சுன்னா?" என்று கேட்டாள் அண்ணி.

"ஜிப் மாதிரிதான் அண்ணி. ரெண்டு பக்கப் பல்லும் மாத்தி மாத்திக் கோத்துக்கிட்டாத்தான் மூடும். ஒரு பக்கம் மட்டும் இருந்தா அது வெறும் நாடா."

"அப்போ எதுக்கு இந்த வம்பு?"

"வேகத்துக்கு. கேமராவுல எடுத்ததோட நகல் தனியா உங்க பீரோவுல இருக்கு. அன்னன்னைக்கு வெட்டினதும் இருக்கு. படம் போகாது."

"என் பீரோவுலயா? யாரைக் கேட்டு வச்சே?"

படங்களைப் புது இடத்துக்கு மாற்றி, நான்கையும் ஓடவிட்டாள். தலைவர் கையை ஓங்கினார். நான்கு சதுரத்திலும் ஒரே நேரத்தில் ஓங்கினார். வசனமும் கையும் ஒன்றாக இறங்கின. அவள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, தன்னைத் தானே பாராட்டிக்கொள்கிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு சொன்னாள்: "இனிமே இது ரெண்டும் ஒண்ணுதான்."

கணவருக்கு அந்த வாக்கியம் பிடித்துவிட்டது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் டார்ச் பிடித்த பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

படம் முக்கால்வாசி முடிந்திருந்தபோது, திரையிடலுக்கு முந்தின திங்கட்கிழமை, பெட்டி எழுந்திருக்க மறுத்தது. பவர் சப்ளை போய்விட்டது என்று அவளுக்கே தெரிந்தது. மாற்றவும் தெரியும். ஆனால் புதியது கையில் இல்லை, மறுநாள் அவளுக்குக் கடையில் விடுப்பும் இல்லை. எனவே செவ்வாய்க்கிழமை காலை கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேம்பாலத்துக்குக் கீழே போனார். தகட்டைத் திறந்த மெக்கானிக், "கீழே பெரிய டிஸ்க் ரெண்டு இருக்கே, எதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். கணவருக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான் இருந்தது.

"ரெண்டும் ஒண்ணுதான்."

அன்று பிற்பகல் கண்ணாடிக் கடையில் அவள் ஒரு லென்ஸைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது தலைவர் அழைத்தார். தன் பிரிண்டரை வாங்கிவர அதே கடைக்குப் போயிருந்தாராம்.

"எல்லாம் போச்சாமேம்மா. நீங்களா ஏதோ வீட்டுல சேர்த்து வச்சதாம், அதான் போச்சுன்னு சொல்றாங்க."

"யார் சொன்னது?"

"கடையிலதான். சீட்டுலயே எழுதியிருக்காங்க. நான் உங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா ஞாயித்துக்கிழமையைத் தள்ளிப்போட முடியாது. ஸ்டூடியோக்காரங்ககிட்ட குடுத்துடட்டுமா?"

நகல் அண்ணியின் பீரோவில் பத்திரமாக இருந்தது உண்மை. ஆனால் இன்னும் இரண்டு டிஸ்க் வாங்கி, எல்லாவற்றையும் மறுபடி ஏற்றி, மிச்சத்தை வெட்டி முடிக்க ஞாயிற்றுக்கிழமை இடம் கொடுக்காது. படம் பிழைத்திருந்தது, நாள்தான் பிழைக்குமா என்று தெரியவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் பொறுங்க சார். அதுக்கப்புறம் நீங்க என்ன முடிவெடுத்தாலும் சரி."

வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போனாள். கணவர் முன்பே வந்து, திட்டு வாங்கத் தயாராக நின்றிருந்தார். பெட்டி திறந்து கிடந்தது. காலையில் பார்த்த மெக்கானிக் வெளியே போயிருந்தார். மதியத்திலிருந்து உட்கார்ந்திருந்த இன்னொருவர், திரையில் தெரிந்த சிவப்புக் குறியைக் காட்டினார்.

"பாருங்க, டிஸ்க் பழுது. அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுடலாம்."

"மவுஸிலிருந்து கையை எடுங்க."

அவர் எடுத்துவிட்டார். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் எடுத்திருக்க மாட்டார்.

அவள் பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். ஜோடி டிஸ்க்குகளின் அறைகளில், மேலறையில் டிஸ்க் இருந்தது. கீழறை காலி. மேசை இழுப்பறை பாதி திறந்திருந்தது. அதற்குள், அவள் கையெழுத்தில் 'கீழ்' என்று ஒட்டிய லேபிளோடு, அவளுடைய டிஸ்க் பழைய கீபோர்டுகளுக்கு நடுவே படுத்திருந்தது.

"இது ஏன் இங்க இருக்கு?"

அதற்குள் காலை மெக்கானிக் டீ கிளாஸோடு வந்துவிட்டார். "நான்தான் கழட்டினேன். புது பவர் சப்ளையை டெஸ்ட் பண்ண பாரம் குறைவா இருக்கட்டும்னு. சார்தானே சொன்னாரு, ரெண்டும் ஒண்ணுதான்னு."

எல்லோரும் சாரைப் பார்த்தார்கள். சார் தன் செருப்பைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரின்னு அவர் சொல்லலை," என்றாள் அவள். "ரெண்டும் சேர்ந்தாத்தான் ஒண்ணுன்னு சொன்னார்."

"ரெண்டு பேச்சுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"ஒரே மாதிரின்னா ஒண்ணை எடுத்துட்டாலும் இன்னொண்ணு இருக்கும். சேர்ந்து ஒண்ணுன்னா, ஒண்ணை எடுத்தா எதுவுமே இருக்காது. நீங்க ஒண்ணை எடுத்துட்டீங்க. இவர் எதுவுமே இல்லைன்னு எழுதிட்டார்."

மெக்கானிக் டீயைக் குடித்து முடித்தார். பிறகு, "கேட்டிருக்கணும்," என்றார். கடையில் அன்று பேசிய பேச்சில் உருப்படியான ஒரே சொல் அதுதான். அவள் டிஸ்க்கையும் சீட்டையும் வாங்கிக்கொண்டாள். பெட்டியைக் கணவர் தூக்கினார். வீட்டுப் படியேறும்போது, "நான் தப்பாச் சொல்லலையே?" என்றார்.

"இல்லை. சரியாத்தான் சொன்னீங்க. அரைகுறையாச் சொன்னீங்க."

மறுநாள் அவள் அரை நாள் விடுப்பு எடுத்தாள். துண்டை விரித்தாள். கீழறையில் டிஸ்க்கைத் தள்ளி, திருகாணியை முடுக்கி, தட்டைக் கம்பியை 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்தினாள். கம்ப்யூட்டர் விழித்தது. டிஸ்க்குகளின் பக்கத்தைத் திறந்தபோது சிவப்புக் குறி இன்னும் இருந்தது. வலது பக்கம் கிளிக் செய்து, மீண்டும் இயக்கு என்றாள். வட்டம் சுற்றியது. அண்ணி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டாத பேச்சு எதுவும் பேசவில்லை. அதிலிருந்தே நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்தது.

சிவப்புக் குறி மறைந்தது. இரண்டு பட்டைகளும் ஒரே நீலப்பச்சையில் வந்து நின்றன.

அவள் தலைவருக்கு அழைத்தாள். எதுவும் சொல்லாமல் செல்போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து, நாடகத்தின் கடைசிக் காட்சியை ஓடவிட்டாள்.

"இது என் குரலாச்சே," என்றார் தலைவர். சிறிது நேரம் தன் குரலைத் தானே கேட்டார். "அப்போ எதுவும் போகலையா?"

"எதுவும் போகலை சார். சனிக்கிழமை காலைல வந்து வாங்கிக்குங்க."

"ஸ்டூடியோவுக்கு நான் இன்னும் போன் பண்ணலை," என்றார் அவர். பண்ணியிருந்தார் என்பது குரலிலேயே தெரிந்தது. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அரங்கத்தில் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்று பார்த்தார்கள். பெரிய திரையில் தலைவர் கையை ஓங்கினார். கை எங்கே ஓங்கியதோ அங்கே வசனம் விழுந்தது. வசனம் விழுந்த இடத்தில் கேமரா மாறி, எதிரே நின்ற நடிகையின் முகம் வந்தது. அவையில் யாரோ 'ஆ' என்றார்கள். அந்த வெட்டு அவளுடையது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி காதோடு, "இங்க ஏன்டி வெட்டினே, அந்தாளு கையை இன்னும் கொஞ்சம் காட்டியிருக்கலாமே," என்றாள். அண்ணியின் அகராதியில் அது பாராட்டு. திரை இருண்டு, பெயர்கள் ஓடின. தொகுப்பு என்ற இடத்தில் அவளுடைய முழுப்பெயர் வந்தபோது, முன்வரிசையிலிருந்து மாமனார் எழுந்து நின்று கை தட்டினார். பின்னால் இருந்தவர்கள் உட்காரும்படி கத்தினார்கள். அவர் உட்காரவில்லை. மேடையேறிய தலைவர், அடுத்த நாடகத்தையும் அதற்கடுத்ததையும் தொகுக்கப்போவது யார் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். கணவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் டார்ச் பிடித்த கதையை ஆரம்பித்தார்.

மெக்கானிக் பிறகு தலைவரைப் பார்த்தபோது, "அது சரியாயிடுச்சு சார், சின்ன விஷயம்தான்," என்றாராம். சரியானது அவளால். சின்ன விஷயம் என்பது அவர் மதிப்பீடு. கடைக்காரர் அவளிடம் நேரில், "விட்டுத் தள்ளுங்கம்மா, அதான் எல்லாம் நல்லா முடிஞ்சுதே," என்றார். நல்லபடியாக முடிந்ததை அவள் மறுக்கவில்லை. ஆனால் 'வீட்டிலேயே செய்த ஏற்பாடு, டிஸ்க் பழுது' என்று கடை முத்திரையோடு எழுதப்பட்ட வரி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அவளுடைய அலமாரியில் அசலும், கடையின் புத்தகத்தில் அதன் கார்பன் படியும் உள்ளன. பழுதடைந்தது எது, கழற்றப்பட்டது எது, கழற்றியவர் யார் என்பதை அந்த வரி சொல்லவில்லை. வாய்வார்த்தையால் பரப்பப்பட்டது வாய்வார்த்தையால் திரும்பிவிடாது.

ஆகவே மேற்படி கடையின் உரிமையாளர், ஒன்பதாம் தேதியிட்ட சீட்டில் உள்ள வாசகத்தைத் திரும்பப் பெற்று, உரியவரின் டிஸ்க்குகளில் எந்தப் பழுதும் இருக்கவில்லை என்றும், அவற்றில் ஒன்று கடையில் கழற்றப்பட்டதே காரணம் என்றும், தேதியும் கையொப்பமும் முத்திரையும் இட்டு உரியவருக்கு எழுத்துமூலம் பதில் தர வேண்டும். அதன் நகல் ஒன்று நாடகக் குழுவின் தலைவருக்கும் அனுப்பப்பட வேண்டும். தொலைபேசியிலோ, டீக்கடையிலோ, மூன்றாம் நபர் வழியாகவோ சொல்லப்படும் பதில் பதிலாக ஏற்கப்படாது.