மைனராக இருந்தால்

கலியாணசுந்தரத்துக்குப் பெயரில்தான் கலியாணம் இருந்தது. ஐம்பத்திரண்டு வயதாகியும் அவர் மணம் செய்துகொள்ளவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு சாயப்பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை. வீட்டில் இரண்டு தங்கைகள். மூத்தவள் கமலவேணிக்கு இரண்டு முறை வரன் கூடி வந்து தட்டிப்போனது. பிறகு யாரும் கேட்டு வரவில்லை. இளையவள் அம்சவேணி முப்பத்திரண்டு வயதில் கணவனை இழந்து அண்ணனிடமே திரும்பி வந்தவள். பன்னிரண்டு ஆண்டுகளாக மூவரும் ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள்.

ஒரு ஆடி மாதக் காலையில், பட்டு நூலைத் தோய்க்கும்போது கொதிக்கிற சாயக் கொப்பரை சரிந்து அவர் மேல் கொட்டியது. பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்துபோனார்.

நஷ்டஈடு கேட்டு மனுப் போடத் தங்கைகள் இருவரும் பிரவீனா என்ற வக்கீலிடம் போனார்கள்.

"வேலை நேரத்துல நடந்ததுன்னு முதலாளியே ஒத்துக்கறாரு. அதுல சண்டை இல்லம்மா. உங்க அண்ணனை நம்பி வாழ்ந்தவங்கன்னு சட்டம் உங்களைச் சொல்லுதாங்கறதுலதான் சண்டை" என்று சொல்லி, பிரவீனா ஒரு வரியைத் தமிழாக்கி நிதானமாகப் படித்தாள்: "மைனர் சகோதரன், அல்லது மணமாகாத சகோதரி, அல்லது விதவைச் சகோதரி மைனராக இருந்தால்."

இருவருக்கும் புரியவில்லை.

"அந்தக் கடைசி 'மைனராக இருந்தால்' விதவைக்கு மட்டுமா, கல்யாணம் ஆகாதவங்களுக்கும் சேர்த்தா? தெளிவா எழுதல. விதவைக்கு மட்டும்தான்னு நான் வாதாடலாம். அப்ப கமலவேணியம்மாவுக்கு வழி இருக்குது."

"எனக்கு?" என்றாள் அம்சவேணி.

"எப்படிப் படிச்சாலும் உங்களுக்கு இல்லம்மா. மைனர்னா பதினெட்டு வயசுக்குள்ள இருக்கணும்."

"பதினெட்டுக்குள்ள இப்ப எவம்மா தாலி அறுத்துக்கினு நிக்கறா?"

"நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதினதும்மா" என்றாள் பிரவீனா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

படியிறங்கும்போது அம்சவேணியே அக்காவைத் தேற்றினாள். "உனக்கு வந்தா நமக்கு வந்த மாதிரிதானேக்கா. நீ கையெழுத்துப் போடு."

ஏழு மாதம் கழித்துத் தொழிலாளர் நஷ்டஈட்டு ஆணையர் முன்னால் விசாரணை. முதலாளியின் வக்கீல் வயதானவர், குரலை உயர்த்தாமல் பேசினார். சகோதரன் என்றால் மைனர், விதவை என்றாலும் மைனர், நடுவில் இருக்கும் மணமாகாத சகோதரிக்கு மட்டும் வயது வரம்பே இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். பிரவீனா எழுந்து, அந்தச் சொற்கள் விதவைச் சகோதரியை மட்டும் கட்டுப்படுத்தவே போடப்பட்டவை என்று வாதாடினாள். வயது வந்த விதவைக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதையே தன் வாதத்துக்குத் துணையாக அவள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. அம்சவேணி பின்பெஞ்சில் உட்கார்ந்து அத்தனையையும் கேட்டாள்.

பிறகு கமலவேணி சாட்சி சொல்ல நின்றாள். வயதான வக்கீல் பல கேள்விகளுக்கு நடுவே சாதாரணமாகக் கேட்டார்.

"உங்க தங்கச்சியும் அண்ணன் சம்பளத்துலதான் சாப்பிட்டாங்களா?"

ஆமாம் என்றால் இருவரையும் ஒன்றாகச் சேர்த்துத் தள்ளிவிடுவார்கள் என்று கமலவேணி நினைத்தாள்.

"இல்லீங்க. அவ பூ கட்டி வித்துத் தனியா சம்பாரிச்சிக்கினா. அண்ணன் அவளுக்கு ஒண்ணும் செய்யல."

அம்சவேணி பூ கட்டியது திருவிழா நாட்களில் மட்டும். அவளுடைய மாத்திரையிலிருந்து செருப்பு வரை எல்லாம் அண்ணன் வாங்கியதுதான்.

நான்கு நாள் கழித்து அம்சவேணி தாமலில் இருக்கும் நாத்தனார் வீட்டுக்குப் போய்விட்டாள்.

பங்குனியில் உத்தரவு வந்தது. பொருள் சந்தேகமாக இருந்தால் தொழிலாளியின் குடும்பத்துக்குச் சாதகமாகவே படிக்க வேண்டும் என்று ஆணையர் எழுதியிருந்தார். கமலவேணிக்கு ஜெயம்.

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நான் தங்கச்சியப் பத்திச் சொன்னேனே மேடம், அது எங்க எழுதியிருக்குது?"

பிரவீனா பக்கங்களைப் புரட்டினாள். "எங்கயும் இல்லம்மா. நீங்க ஆமான்னு சொல்லியிருந்தாலும் இதேதான் வந்திருக்கும்."

அன்றே கமலவேணி தாமலுக்குப் பஸ் ஏறினாள். அம்சவேணி தட்டு வைத்துச் சோறு போட்டாள். பாதிப் பணம் உன் பேரில் போடுகிறேன் என்றதற்குத் தலையை ஆட்டி மறுத்தாள்.

"வக்கீலம்மா அப்டிச் சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லடி. நானாதான். பயந்துட்டேன்."

"சட்டத்துல எனக்கு எடம் இல்லன்னாங்க, கேட்டுக்கினேன். அண்ணன் எனக்கு ஒண்ணும் செய்யலன்னு நீ சொன்ன பாரு, அதத்தான்கா என்னால தாங்க முடியல."

கமலவேணி கை கழுவிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். தங்கை பாத்திரம் தேய்க்கப் பின்பக்கம் போனவள் திரும்பி வரவில்லை. நாத்தனார்தான் பஸ் நிறுத்தம் வரை வந்து வழியனுப்பினாள்.