மணல்மேட்டில் பழகிய பனிச்சறுக்கு

தாம்பரத்திலிருந்து ஊரப்பாக்கம் வரை ஜி.எஸ்.டி. ரோட்டின் இரு பக்கமும் நான் கட்டிய வீடுகள் நிற்கின்றன. ஒன்றிலாவது விரிசல் இருந்தால் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் இந்த ரத்தினம் மேஸ்திரி. சின்ன வயதிலேயே சாரம் ஏறினேன். அன்றிலிருந்து என் உடம்பை என் கால்தான் சுமந்தது. வேறு யாரும் சுமந்ததில்லை. சுமந்து சுமந்து முட்டி தேய்ந்துபோனது வேறு விஷயம்.

1993-இல் என் மகன் தேவானந்தம் நார்வேயிலிருந்து போன் செய்தான். அவனுக்கு அங்கேதான் வேலை. மனைவி பேபி, கைக்குழந்தை ஒன்று. குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு என்னை வரச் சொன்னான். குழந்தைக்குத் தபீதாள் என்று பெயர் வைக்கிறார்கள். முந்தைய வருஷம் கண்மூடிய என் மனைவியின் பெயர் அது. கலவைச் சட்டியைத் தலையில் வைத்து என்னோடு சாரம் ஏறியவள் அவள். சர்ச்சில் அந்தப் பெயரை நான்தான் சொல்வேன் என்றேன். சரி என்றான்.

"ஆனா அப்பா, எங்க வீட்டுக்கும் சர்ச்சுக்கும் நடுவுல ஒரு ஏரி. இப்ப உறைஞ்சு கெட்டியா இருக்கும். எல்லாரும் கால்ல நீளக் கட்டை மாட்டிக்கிட்டு சறுக்கிட்டே போவாங்க. நீங்க குழந்தையோட சறுக்குவண்டியில உக்காந்துக்கங்க, நான் இழுக்கறேன்."

"நான் இன்னா பொணமா, இழுத்துகினு போறதுக்கு? நானும் கட்டையிலயே வரேன்டா!" என்று போனை வைத்தேன்.

மறுநாள் ஊரப்பாக்கத்து வேலையிடத்தில் சென்ட்ரிங் பலகை இரண்டை அறுத்தேன். மேலே பழைய செருப்பை ஆணியடித்து, மாட்டிக்கொண்டு மணல்மேட்டில் நின்றேன். இரண்டு கையிலும் சவுக்குக் கழி. பலகை மணலில் புதைந்தது. தூக்கி வைத்தேன். மறுபடி புதைந்தது, மறுபடி தூக்கினேன்.

சித்தாள் சரசு சட்டியை இறக்கிவிட்டுச் சிரித்தாள். "இன்னா மேஸ்திரி, கொக்கு மாதிரி நடந்துகினு கீறீங்க?"

"நார்வேல இப்டித்தான் போவாங்க."

"அய்ய, அந்த ஊர்ல பஸ்ஸே இல்லியா? பாவம்."

புறப்படும்வரை தினமும் பழகினேன். முட்டி வீங்கியது. தாம்பரம் ஸ்டேஷன் படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறினேன். தெரிந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

நார்வேயில், ஞானஸ்நானத்தன்று உறைந்த ஏரியில் இறங்கினோம். கட்டைகளை என் பூட்ஸ் நுனியில் மகன் மாட்டிவிட்டான். மணலில் பழகியபடி தூக்கி வைத்தேன், விழுந்தேன். எழுந்து தூக்கி வைத்தேன், மல்லாந்தேன்.

"தூக்காதீங்கப்பா, தள்ளுங்க!"

தரை பூசும்போது கரணையை யாராவது தூக்கித் தூக்கி வைப்பார்களா? அழுத்தித் தள்ள வேண்டும். காலையே கரணையாக நினைத்துத் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு போனது! மகன் சொன்னது பாதி, மீதியை என் தொழில் சொன்னது.

ஆனால் மணல்மேடு என் காலை ஏற்கெனவே தின்றுவிட்டிருந்தது. ஏரி நடுவில் மூச்சு வாங்கியது. கழியை ஊன்றி நின்றுவிட்டேன். அக்கரையில் மணி அடித்தார்கள். மகன் இடுப்பில் கட்டிய கயிற்றின் முனையில், விறகு ஏற்றும் பெரிய சறுக்குவண்டி. அதில் கம்பளிக்குள் குழந்தை தூங்கியது.

"மாமா, பாஸ்டர் அடுத்த ஊருக்குப் போகணும். ரொம்ப நேரம் நிக்க மாட்டாரு" என்றாள் பேபி மெதுவாக.

என் காலை நம்பினால் என் தபீதாளின் பெயரை வேறு யாராவதுதான் சொல்வார்கள். கட்டையைக் கழற்றினேன்.

"எனக்காக இல்லடா. கொயந்த ஆடுது பாரு, புடிச்சிக்க ஒரு ஆள் வோணும்" என்று வண்டியில் ஏறி, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஆமாப்பா, ரொம்பத்தான் ஆடுது" என்றான் மகன்.

கரைக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தச் சொல்லி இறங்கினேன். கட்டையை மாட்டித் தள்ளினேன். சர்ச் வாசலில் நின்றவர்கள் நான் சறுக்கி வந்ததைத்தான் பார்த்தார்கள். தாம்பரத்துக்காரன் எவனாவது அந்த ஏரியில் அப்படி வந்து கரையேறியிருக்கிறானா?

குழந்தையின் பெயர் என்ன என்று போதகர் கேட்டார்.

"தபீதாள்!" என்றேன். சாரத்தின் மேலிருந்து அவளைக் கூப்பிட்ட அதே குரல். சர்ச்சே திரும்பிப் பார்த்தது.

வீட்டுக்குக் கிளம்பும்போது வாசலில் யாருமில்லை. மகன் கட்டையை எடுத்துக்கொண்டு வந்தான். "மாட்டிவிடட்டுமாப்பா?"

"கொயந்த ஆடும்டா" என்று வண்டியில் உட்கார்ந்தேன்.